‘இது உன் இங்கிலீஷ் இல்லையே’: ஏ.ஐ. வகுப்பறையும் நம் பிள்ளைகளும்

போன செமஸ்டரில் ஒருநாள், எங்கள் இரவுப் பாடசாலைக்கு வரும் ஒரு பெண் அசைன்மென்ட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு. என்னம்மா என்று கேட்டோம். “நான் எழுதலைனு சொல்லிட்டாங்கண்ணா” என்றாள். ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் அவள் கட்டுரையைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 78 சதவீதம் எந்திரம் எழுதியது என்று வந்ததாம். பூஜ்ஜியம் போட்டுவிட்டார்கள். அத்தோடும் விடவில்லை. “இது உன் இங்கிலீஷ் இல்லையே” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பின் பெஞ்சில் சிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரை எங்கள் கண்முன்னால் எழுதப்பட்டது. நான்கு இரவுகள் எழுதினாள். லாங் சைஸ் நோட்டில் கிழித்த தாள்களில், சிவப்பு மையில் நாங்கள் திருத்திக் கொடுக்க, அவள் திரும்ப எழுத, நாங்கள் மறுபடி திருத்த என்று நான்கு வரைவுகள். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரைப் பார்க்கப் போனோம். புரட்டிப் பார்த்தார். “சாஃப்ட்வேர் சொல்லுதே சார், நாங்க என்ன பண்றது?” என்றார். நீண்ட பேச்சுக்குப் பிறகு, ‘மன்னித்து’ பாஸ் மார்க் போடுகிறோம் என்றார்கள். செய்யாத தவறுக்கு மன்னிப்பு!

இதைவிட எங்களைச் சுட்டது அடுத்து நடந்ததுதான். அதற்கடுத்த அசைன்மென்ட்டை அவள் எங்களிடம் காட்டினாள். நன்றாகத் தெரிந்த இடத்திலேயே நாலைந்து இலக்கணப் பிழை. ஏம்மா இப்படி என்று கேட்டோம். “தப்பு இருந்தாதாண்ணா நான் எழுதுனேன்னு நம்புவாங்க” என்றாள்.

தோழர்களே, இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். நம் பிள்ளை நன்றாக எழுதினால் அது திருட்டு, தப்பாக எழுதினால் அது இயல்பு என்று ஒரு வகுப்பறை சொல்லிக் கொடுத்திருக்கிறது. இந்தப் பாடம் புதிதல்ல. புதிதாக வந்திருப்பது அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் கணினிதான்.

மென்பொருள் எதை அளக்கிறது?

இந்தக் கண்டுபிடிப்பு மென்பொருள்கள் யார் எழுதியது என்று பார்ப்பதில்லை. அவற்றுக்கு அது தெரியவும் தெரியாது. அடுத்தடுத்து வரும் சொற்கள் எவ்வளவு எளிதாக ஊகிக்கக் கூடியவை என்றுதான் பெரும்பாலும் கணக்குப் போடுகின்றன. எளிய சொல், ஒழுங்கான வாக்கியம், பழகிய அமைப்பு இருந்தால் எந்திரம் எழுதியது என்கின்றன. அலங்காரமான, எதிர்பாராத சொல் இருந்தால் மனிதர் எழுதியது என்கின்றன.

ஆங்கிலத்தை வீட்டில் கேட்டு வளராத பிள்ளை எப்படி எழுதும்? இலக்கணப் புத்தகத்தில் படித்த வாக்கிய அமைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, தெரிந்த சொற்களை வைத்துத்தான் எழுதும். அதாவது மென்பொருள் எதை ‘எந்திரம்’ என்கிறதோ, அது முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவரின் ஆங்கிலம்.

இது எங்கள் ஊகம் என்று நினைக்க வேண்டாம். 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை எந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதியவற்றில் கிட்டத்தட்ட தவறே வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்டிருந்த கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட கருவிகளை வைத்துத்தான் இங்கே நம் பிள்ளைகளுக்குப் பூஜ்ஜியம் போடுகிறார்கள்.

காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏ.ஐ. எழுதியதை மனிதர் எழுதியதுபோல் மாற்றித் தரும் கட்டணச் செயலிகள் சந்தையில் இருக்கின்றன. எந்திரத்தை வைத்து எழுதியவன் தப்பித்துக்கொள்கிறான். கையால் எழுதியவள் மாட்டிக்கொள்கிறாள்.

நாங்கள் எந்திரத்துக்கு எதிரிகளா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்திலேயே சில மூத்த தோழர்கள், “ஏ.ஐ. எல்லாம் கார்ப்பரேட் சதி, நம் பிள்ளைகள் தொடவே கூடாது” என்கிறார்கள். நாங்கள் அவர்களோடு உடன்படவில்லை.

எங்கள் பாடசாலைக்கு வரும் பையன்களும் பெண்களும் போனில் ஏ.ஐ.யிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்திருக்கிறோம். வகுப்பில் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்கிறார்கள். “இன்டக்ரேஷன் என்றால் என்ன, பத்தாம் வகுப்பு பையனுக்குச் சொல்வதுபோல் சொல்” என்கிறார்கள். அதே கேள்வியை ஏழு தடவை கேட்கிறார்கள். ஏழு தடவையும் அது பொறுமையாகப் பதில் சொல்கிறது. “இதுகூடத் தெரியாதா, எந்த ஸ்கூல்ல படிச்ச?” என்று அது கேட்பதில்லை. “எந்த கோட்டாவுல வந்த?” என்றும் கேட்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு, ஆதிதிராவிடர் நல விடுதியில் பத்துப் பேர் படுத்திருக்கும் அறையின் மூலையில், ஒரு பிள்ளைக்குக் கூச்சமில்லாமல் சந்தேகம் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ட்யூஷனுக்கு வழியில்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இதை நினைத்துப் பெருமைப்பட வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். வெட்கப்பட வேண்டியவர்கள். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பேராசிரியரிடம் கிடைக்காத மரியாதை ஓர் எந்திரத்திடம் கிடைக்கிறது என்றால், குறை மாணவரிடம் இருக்கிறதா, வகுப்பறையில் இருக்கிறதா?

புதுமைக் கற்பித்தலில் பெயர் தெரியும்

இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் ‘புதுமைக் கற்பித்தல்’ என்ற பேச்சு. தலைகீழ் வகுப்பறை என்கிறார்கள். பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிக்க வேண்டும். குழுவாகத் திட்டப்பணி செய்ய வேண்டும், மேடையேறி பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும், சக மாணவர்கள் மார்க் போட வேண்டும். நாக் கமிட்டி வந்தால் காட்ட ஃபோட்டோ எடுத்து வைக்கிறார்கள். அந்த நாக் ஆய்வுக்குழுவினர் சிலரையே 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது வேறு கதை.

இந்த முறைகள் கெட்டவை என்று சொல்ல மாட்டோம். மனப்பாடம் செய்து கக்கும் படிப்பைவிட இவை மேல்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுத் தாளில் நம் பிள்ளைக்குப் பெயர் கிடையாது. ஒரு பதிவெண்தான் உண்டு. திருத்துபவருக்கு ஊர் தெரியாது, தகப்பன் பெயர் தெரியாது. நம் தலைமுறைகள் மேலே வந்ததில் அந்தப் பதிவெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. முகம் தெரியாத தேர்வே நமக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு.

அகமதிப்பீட்டு மார்க் அப்படியில்லை. அதில் முகம் தெரியும், பெயர் தெரியும், உதவித்தொகைப் பட்டியலில் யார் யார் என்று தெரியும். 25 மார்க்காக இருந்த அகமதிப்பீடு பல தன்னாட்சிக் கல்லூரிகளில் 40, 50 என்று ஏறியிருக்கிறது. புதுமைக் கற்பித்தல் கூடக்கூட, ‘பங்கேற்பு’, ‘பேச்சுத் திறன்’, ‘தலைமைப் பண்பு’ என்று ஆசிரியரின் மனம் போடும் மார்க்கும் கூடுகிறது. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் சாதி பார்க்கப்படுகிறது என்று தலித், பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். அன்று நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரியில் நடந்தது, இன்று சாதாரணக் கலைக் கல்லூரியின் குழு விவாதத்தில் நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

குழுவை யார் பிரிக்கிறார்கள்? “நீங்களே பிரிச்சுக்கோங்க” என்றால் ஊரும் சேரியும் தானாகப் பிரிந்துகொள்ளும். பிறகு, லேப்டாப்பும் ஏ.ஐ. சந்தாவும் இருக்கிற குழு முப்பது ஸ்லைடு போடும். விடுதி மாணவர் குழு போனில் தட்டித்தட்டி ஏழு ஸ்லைடு போடும். ஒரே அளவுகோலில் மார்க். இதற்குப் பெயர் தகுதி.

தீர்மானத்தில் திறந்த குளம்

“இப்போதுதான் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறதே” என்று கேட்பார்கள். உண்மைதான். 2025 நவம்பரில் ஓபன்ஏஐ தன் மாதம் 399 ரூபாய்த் திட்டத்தை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசம் என்று அறிவித்தது. கூகுளும் மாணவர்களுக்கு ஓராண்டு இலவசம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2025 வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவித்தது. மடிக்கணினித் திட்டத்தை நாங்கள் மனதார வரவேற்கிறோம். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எத்தனை குடிசைக்குள் முதல் கணினி வந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆனால் நிறுவனங்களின் இலவசம் வேறு. ஓராண்டு பழக்கிவிட்டு, அது இல்லாமல் பாடமே நடத்த முடியாது என்று ஆன பிறகு மாதம் 399 கேட்பார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். அந்த வீட்டில் ரீசார்ஜ் போடுவதா, ஏ.ஐ.க்குக் கட்டுவதா என்பதுதான் கேள்வியாக இருக்கும். இன்னொரு அநியாயமும் உண்டு. இந்த எந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கின்றன. ஒரே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதினால் குறைந்த துண்டு, தமிழில் எழுதினால் அதிகத் துண்டு. நிறுவனங்களுக்கு விற்கும்போது துண்டுக் கணக்கில்தான் கட்டணம். தமிழில் கேட்பவருக்குச் செலவு அதிகம்.

மகாத் குளத்தின் கதையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தாயிற்று. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் தொடும்வரை ஒருவராலும் குடிக்க முடியவில்லை. குடித்தவர்களை அடித்தார்கள். தீட்டுக் கழித்தார்கள். இன்றைக்கு ‘எல்லாருக்கும் ஏ.ஐ.’ என்பதும் இதுவரை தீர்மானம்தான். 2025 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் கல்விக்கான ஏ.ஐ. உயர் மையத்துக்கு 500 கோடி ரூபாய் என்றார்கள். நம் விடுதிகளில் வைஃபை வந்ததா, மின்விசிறி ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள்.

எந்திரம் படித்த புத்தகம் யாருடையது?

எந்திரத்துக்குச் சாதி இல்லை என்பார்கள். எந்திரத்துக்கு இல்லை, அது படித்த எழுத்துக்கு இருக்கிறது. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. ‘புத்திசாலி யார்’, ‘சாக்கடை சுத்தம் செய்பவர் யார்’ என்பதுபோன்ற வாக்கியங்களில் விட்ட இடத்தைப் பிராமணர், தலித் என்ற இரண்டில் ஒன்றால் நிரப்பச் சொன்னார்கள். 105 வாக்கியங்களில் 80இல் சாட்ஜிபிடியின் புதிய மாதிரி ஊர் வழக்கப்படியே நிரப்பியது. அறிவு அங்கே, சாக்கடை இங்கே. அதே கட்டுரையில் இன்னொன்றும் வந்தது. ஆய்வுப் பணிக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிய ஒரு தலித் ஆய்வாளர், ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது அவருடைய குடும்பப் பெயரையும் ‘சர்மா’ என்று செம்மைப்படுத்திக் கொடுத்தது!

இந்த எந்திரத்தை விடைத்தாள் திருத்த வைத்தால் என்ன ஆகும்? பரிந்துரைக் கடிதம் எழுத வைத்தால்? ‘இடைநிற்கும் அபாயம் உள்ள மாணவர்கள்’ என்று பட்டியல் போட வைத்தால்? 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து 13,626 எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் வெளியேறினார்கள். இந்தக் கணக்கை எந்திரத்திடம் கொடுத்தால், “இந்தப் பிள்ளைகள் படிப்பை முடிக்க மாட்டார்கள்” என்று அது கற்றுக்கொள்ளும். இவர்களை வெளியே தள்ளியது எது என்று கேட்காது.

கடல் கடந்த ஒரு பாடமும் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் தேர்வு நடக்காதபோது, இங்கிலாந்தில் பள்ளி இறுதி மாணவர்களுக்கு ஒரு கணக்கீட்டு முறை கிரேடு போட்டது. அந்தப் பள்ளியில் முன்பு படித்தவர்கள் எப்படி வாங்கினார்கள் என்பதைப் பார்த்து, இப்போது படிப்பவருக்கு மார்க். ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கப்பட்டன. சிறிய வகுப்புகள் கொண்ட தனியார் பள்ளிகள் லாபம் அடைந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13 அன்று வந்த முடிவை ஆகஸ்ட் 17 அன்று அரசு திரும்பப் பெற்றது. உன் முன்னோர் எப்படியோ நீயும் அப்படியே என்று சொல்லும் கணக்கை நாம் நன்றாக அறிவோம். நம் நாட்டில் அதற்கு வேறு பெயர்.

ஆசிரியர் எங்கே?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்றது. காகித ஆசிரியர்களை வைத்துக் கல்லூரி நடத்தத் தெரிந்தவர்களுக்கு, எந்திர ஆசிரியரை வைத்து நடத்தத் தெரியாதா?

அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. அதைக் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தப் போராட்டப் பந்தலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நிரந்தரப் பணியிடம் நிரப்பினால் இடஒதுக்கீடு தர வேண்டும். பின்னடைவுப் பணியிடம் நிரப்ப வேண்டும். மென்பொருள் வாங்கினால் ரோஸ்டர் கிடையாது. ‘ஏ.ஐ. வந்துவிட்டது, இனி இத்தனை ஆசிரியர் வேண்டாம்’ என்ற பேச்சு வரும்போது அதன் உள்ளே இருப்பது இதுதான். இட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சட்டம் தேவையில்லை, இடத்தை ஒழித்தால் போதும்.

நாங்கள் கேட்பது

ஒன்று: கண்டுபிடிப்பு மென்பொருளின் முடிவை மட்டும் வைத்து எந்த மாணவருக்கும் மார்க் குறைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த மாணவரைத் தனியே உட்கார வைத்து, அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுங்கள். எழுதியவருக்குப் பேசத் தெரியும். அந்த இடத்தில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவின் பிரதிநிதி இருக்க வேண்டும். சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2012இலேயே விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு: அகமதிப்பீட்டு மார்க்கின் சராசரியை ஒவ்வொரு செமஸ்டரும் சமூகப் பிரிவு வாரியாக, துறை வாரியாக வெளியிட வேண்டும். பதிவெண் தேர்வில் நன்றாக எழுதும் பிள்ளை, பெயர் தெரியும் மதிப்பீட்டில் மட்டும் ஏன் சறுக்குகிறது என்று அப்போது எல்லாருக்கும் தெரியும்.

மூன்று: ஏ.ஐ. பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற பாடத்திட்டம் வருமுன், ஒவ்வொரு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதியிலும் கணினி அறையும் இணையமும் வர வேண்டும். சந்தா தேவையென்றால் பல்கலைக்கழகம் கட்டட்டும்.

நான்கு: பல்கலைக்கழகம் வாங்கும் எந்த ஏ.ஐ. கருவியையும் வாங்குமுன் சாதிச் சார்புக்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் குழுவில் தலித், பழங்குடி ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும்.

ஐந்து: காலிப் பணியிடங்களை இடஒதுக்கீட்டோடு நிரப்புங்கள். எந்திரம் ஆசிரியருக்குத் துணையாக வரட்டும், ஆசிரியரின் நாற்காலிக்கு வர வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எந்திரத்தைப் பயன்படுத்துங்கள், பயப்படாதீர்கள். ஆனால் அது எழுதியதை உங்கள் பெயரில் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால், நம்மைப் பற்றி அவர்கள் சொல்லும் பொய்யை நாமே உண்மையாக்குகிறோம். ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டினால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அச்சு எந்திரம் யாருடையது என்று கேட்டு அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. தங்கள் சொல்லை அதில் ஏற்றினார்கள். இந்த எந்திரத்திலும் நம் சொல் ஏற வேண்டும். நம் வரலாற்றை நாம் எழுதி வைக்காவிட்டால், அது அவர்கள் எழுதியதை மட்டும்தான் படிக்கும்.

அந்தப் பெண்ணிடம், தப்பு விட்டு எழுதிய அசைன்மென்ட்டைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உட்கார்ந்து திரும்ப எழுதினாள். பிழை இல்லாமல் எழுதினாள். இந்தத் தடவை மென்பொருள் என்ன சொல்லுமோ தெரியாது. ஐந்து வரைவுகளும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு அவளோடு நாங்களும் வருவோம்.

ஜெய் பீம்!